நாலு மீட்டரும் அடித்துவிட்ட ஒரு வரியும்

தோஹா
14.01.2024

ஸாலிஹாவுக்கு ஸலாத்துடன் றம்ஸீன் எழுதுவது.

பன்னிரண்டு நாளாக என் நம்பரை புளொக் பண்ணி வைத்திருக்கிறாய். மகளோடு பேச வேண்டுமென்றால் மாமியின் போனுக்குத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. முப்லிஹாவிடம் போனைக் கொடுப்பதற்கு முன் மாமி ஒரு பெருமூச்சு விடுகிறார். இந்த ஊர் வெயிலைத் தாங்கலாம், அந்தப் பெருமூச்சைத் தாங்க முடியவில்லை. "கத்துறதெண்டா இனிக் கடதாசியில கத்தச் சொல்லுங்க உம்மா" என்று நீ சொல்லிவிட்டாயாம். சரி, இதோ கடதாசி. என்னோடு வேலை செய்யும் நௌஷாட் லீவில் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று நான் கத்தியது பிழைதான். ஆனால் எதற்குக் கத்தினேன் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? அரை மணி நேரப் பேச்சில் "இன்ஷாப் மச்சான்" என்று ஒன்பது தரம் சொன்னாய். இருந்து எண்ணினேன். அவர் உன் தாய்மாமாவின் மகன், முறைக்கு மச்சான், இல்லையென்று நான் சொல்லவில்லை. உன் வாப்பா உனக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை அவர்தான் என்பதும் ஓட்டமாவடிக்கே தெரியும். என்னையும் மச்சான் என்கிறாய், அவரையும் மச்சான் என்கிறாய். இரண்டு பேரில் ஒருவரையாவது வேறு விதமாகக் கூப்பிட்டால் என்ன?

வாப்பா உனக்கு விட்டுப்போன மொறிஸ் மைனர் அது. உன் கார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் கட்டாருக்கு ஏறும்வரை அந்த எஞ்சினில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. இப்போது இன்ஷாப் அதை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓட்டுகிறார், பாசிக்குடா ஹோட்டலுக்கு வெள்ளைக்காரரை ஏற்றிப் போகிறார், வழியில் கொதிக்க வைக்கிறார். காரை ஷெட்டில் விட்டுப் பூட்டு. நான் வந்து பார்க்கிறேன்.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. ஒரு அரபியின் பழைய கார்களைத் திருத்தும் கராஜ். போட்டோவில் பார்த்திருப்பாய், பச்சை பென்ஸ். அதன் எஞ்சினில் நாலு இடத்தில் தண்ணீரின் சூட்டைப் பார்க்க சென்சர் பூட்டியிருக்கிறோம். பக்கத்தில் நிற்பது ரோவீனா, பிலிப்பைன்ஸ்காரி, வயர் வேலை செய்பவள். ஈயம் உருக்கி வயரை ஒட்டும் பற்றாசு வைக்கக் கூடத் தெரியாமல் வந்தவள். ஒரே கிழமையில் நான் பழக்கி எடுத்தேன்.

பதில் போடு.

றம்ஸீன்


ஓட்டமாவடி
02.02.2024

மச்சான்,

நீங்கள் கத்திய கடதாசி கிடைத்தது. காதுக்கு நல்ல சுகம். இனி இப்படியே இருப்போம்.

ஒன்பது தரம் எண்ணினீர்களே, அந்த அரை மணி நேரத்தில் நான் என்ன சொன்னேன் என்று ஒரு தரமாவது கேட்டீர்களா? கார் கொதித்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அஹமட் காக்காவின் மகனுடைய ஊர்வலம். பைத் பாட்டுப் படிக்கிறவர்கள் முன்னால் நடக்க, கார் அவர்கள் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பாலத்தடிக்கு வந்ததும் பொனட்டுக்குள்ளிருந்து புகை. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி, மிச்ச வழியை நடந்தே போய்ச் சேர்ந்தார். சனம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அது என் வாப்பாவின் கார்.

வேகமாக ஓடினால் கொதிப்பதில்லை, ஊர்ந்தால் கொதிக்கிறது. தண்ணீர் குறையவில்லை, பெல்ட்டும் சரி. இன்ஷாப் மச்சான் (பத்தாவது தரம்) அவசரத்துக்கு வாவியில் அள்ளி ரேடியேட்டருக்குள் ஊற்றப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். உப்புத் தண்ணீர் என்று அவரைத் திட்டி நீங்கள் அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், அதனால் இப்போதே ஞாபகப்படுத்துகிறேன்: நமக்குக் கல்யாணமான வருஷம் கல்குடாவிலிருந்து திரும்பும்போது இதே வாவியில் அள்ளி ஊற்றியது நீங்கள்.

காரைப் பூட்ட மாட்டேன். பென்ஸுக்குப் பூட்டிய மாதிரி நாலு சென்சரும் மீட்டரும் அனுப்புங்கள், எப்படிப் பூட்டுவது என்றும் எழுதுங்கள். இன்ஷாப் மச்சான் பூட்டுவார். எங்கே கொதிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரோவீனாவைப் பார்த்தேன். நல்ல சிரிப்பு. ஒரு கிழமையில் பழக்கி எடுத்தீர்களாம். நான் பத்து வருஷம் உங்களுக்கு டோர்ச் பிடித்தேன் மச்சான். "நேராப் புடி புள்ள, கை ஆடுது" என்றதைத் தவிர அந்த எஞ்சினைப் பற்றி ஒரு சொல் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒரு நட்டைத் தொட்டாலும் "விடு, கை ஊத்தையாகும்" என்பீர்கள். அவளுடைய கை ஊத்தையாகாதா? அந்தப் போட்டோவைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முப்லிஹாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

ஸாலிஹா


தோஹா
25.02.2024

ஸாலிஹா,

சென்சர் நாலு, மீட்டர் நாலு, பித்தளை ஜொயின்ட் ஒன்று, வயர் இரண்டு சுருள். எல்லாம் நல்ல சாமான். இன்ஷாப் மச்சான் இப்படிச் சாமானைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். பார்த்துப் பிடிக்கச் சொல்.

அவருக்கு விளங்குகிற மாதிரி எழுதுகிறேன், வாசித்துக் காட்டு. எஞ்சினுக்குள் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இருக்காது. ஒரு மூலை கொதிக்கும்போது இன்னொரு மூலை சும்மா கிடக்கும். ஒரு மீட்டர் தான் நிற்கிற இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். அதனால்தான் நாலு.

முதலாவது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் முன்பக்கம், தேர்மோஸ்டாட்டுக்குக் கீழே அடைப்பான் இருக்கிற ஓட்டை. இரண்டாவது, ஹெட்டின் பின்பக்கம். குளிர் நாட்டுக் காரில் ஹீட்டர் பூட்டும் இடம் அது, நம் காரில் தகடு போட்டு மூடியிருக்கும். தகட்டைக் கழற்றி, துளைத்து, திருகு மரை வெட்டித் திரும்பப் பூட்ட வேண்டும். மூன்றாவது, எஞ்சினின் பக்கவாட்டில் தண்ணீர் திறந்துவிடும் ஓட்டை. நாலாவது, ரேடியேட்டரிலிருந்து ஆறிய தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பும் கீழ் ஹோஸ். ஹோஸை நடுவில் வெட்டி அந்தப் பித்தளை ஜொயின்ட்டை வைத்து, அதில் சென்சரைத் திருக வேண்டும்.

ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு வயர்தான், அது மீட்டருக்குப் போகும். நாலாவது மட்டும் றப்பருக்கு நடுவில் நிற்பதால் அதற்குத் தனியாக ஒரு எர்த் வயர் பற்றாசு வைக்க வேண்டும். மற்ற மூன்றும் எஞ்சினின் இரும்பைத் தொட்டுக்கொண்டு தாமே எர்த் எடுத்துக்கொள்ளும்.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பார்க்காதே. பிழையாக எழுதிவிட்டேன்.

இவ்வளவு போதும். பத்துத் தரம் பெயர் சொல்லுமளவுக்குக் கெட்டிக்காரர், மிச்சம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

டோர்ச் யார் பிடிக்கப் போகிறார்கள்? நீயா?

றம்ஸீன்


ஓட்டமாவடி
16.03.2024, நோன்பு ஐந்து

மச்சான்,

பூட்டியாகிவிட்டது. நாலும்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்ஷாப் மச்சான் மூன்று நாள் அந்த எஞ்சினுக்குள் குனிந்தபடியே கிடந்தார். தகட்டில் மரை வெட்டும்போது கால் சுற்று முன்னுக்கு, அரைக்கால் சுற்றுப் பின்னுக்கு என்று அவ்வளவு பொறுமை. நோன்பு வயிற்றோடு ஒரு தரம் கூடச் சலித்துக்கொள்ளவில்லை. பற்றாசு வைத்தது முதலில் இரண்டு தரம் கழன்றது, மூன்றாவது தரம் மின்னிக்கொண்டு நின்றது. அப்போது அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஊத்தைக் கையோடு கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒன்று.

ஒழுகுமோ என்றுதான் பயம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் வீட்டில் இருந்தது. நாலு சென்சரின் மரையிலும் நன்றாகச் சுற்றி இறுக்கியாயிற்று. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ஸ்டார்ட் பண்ணி முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பக்கம் அறுபத்திரண்டு. பின்பக்கம் ஐம்பத்தைந்து. பக்கவாட்டு ஐம்பத்தெட்டு. கீழ் ஹோஸ் மட்டும் எழுபத்துநாலு. எஞ்சின் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும்போது எப்படிக் கொதித்தது என்று விளங்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். பெருநாளுக்குப் பிறகு வரிசையாகக் கல்யாணங்கள், எல்லாவற்றுக்கும் நம் காரைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு நோன்பு எப்படிப் போகிறது? கஞ்சி காய்ச்ச அங்கே யார் இருக்கிறார்கள்?

ஸாலிஹா


தோஹா
01.04.2024

ஸாலிஹா,

வாசித்தேன். நாலு தரம் வாசித்தேன். முகத்தில் வந்த சந்தோஷம், ஊத்தைக் கையோடு கண்ணாடியில் சிரித்த சிரிப்பு! கல்யாணம் முடித்த இந்தப் பத்து வருஷத்தில் என் முகத்தைப் பற்றி நீ இரண்டு வரி எழுதியதுண்டா? நான் தகட்டில் மரை வெட்டியபோது பொறுமை உன் கண்ணில் படவில்லை. "சோறு ஆறுது, வாங்க" என்பாய், அவ்வளவுதான்.

நோன்பு வயிற்றோடு மூன்று நாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். எழுதியதிலேயே தெரிகிறது. இங்கே கஞ்சி காய்ச்ச யாருமில்லை. நோன்பு திறக்க எட்டுப் பேர் ஒரு தட்டைச் சுற்றி இருக்கிறோம். என் பங்குப் பேரீச்சம்பழத்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

கீழ் ஹோஸ் எழுபத்துநாலு, பின்பக்கம் ஐம்பத்தைந்தா? அதை அவரிடமே கேள். அவ்வளவு பொறுமைக்காரருக்கு விடை தெரிந்திருக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெருநாள் வாழ்த்து. முப்லிஹாவுக்கு உடுப்பு அனுப்பியிருக்கிறேன்.

றம்ஸீன்


ஓட்டமாவடி
28.04.2024

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். வலது கை வெந்துவிட்டது.

பெருநாள் கழிந்து பத்தாம் நாள் ஊர்வலம். கார் வீடு வந்து சேர்ந்தபோது அஸர் நேரம். இன்ஷாப் மச்சான் காரை விட்டுவிட்டுத் தொழப் பள்ளிக்குப் போனார். பொனட்டைத் திறந்தேன். மணம் சரியில்லை. மீட்டர்களைப் பார்த்தேன். மூன்று மீட்டர் அறுபதுக்குக் கீழே. நாலாவது மட்டும் தொண்ணூறு. மூன்று ஒன்றைச் சொல்ல ஒன்று வேறு சொன்னால் யாரை நம்புவது? மூன்றை நம்பினேன். ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். எல்லாம் மேலே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதனால் கண் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. விரல்களை மடக்க முடிகிறது. தோல் உரிந்து புதிது வருகிறது.

இப்போது சொல்கிறேன். சென்சர்களைப் பூட்டியது இன்ஷாப் மச்சானில்லை. நான். மூன்று நாள் குனிந்தது நான், மரை வெட்டியது நான், பற்றாசு வைத்தது நான். கண்ணாடியில் சிரித்ததும் நான்தான். அவருக்கு ஓட்டத் தெரியும், எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாது. நான் பூட்டுகிறேன் என்று எழுதியிருந்தால் சாமானே அனுப்பியிருக்க மாட்டீர்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ரோவீனாவைச் சொன்ன மாதிரி என்னையும் நாலு பேரிடம் சொல்வீர்கள் என்று ஆசை. உங்களைக் கொஞ்சம் எரிய வைக்கவும் ஆசைதான். அதை மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சும்மா படுத்திருந்தபோது உங்கள் கடிதங்களைத் திரும்ப வாசித்தேன். அடித்துவிட்ட வரி. அழுத்தி எழுதுகிற கை உங்களுடையது. தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "அதனால் மரையில் டேப் சுற்றவே கூடாது, சுற்றினால் எர்த் போய்விடும், மீட்டர் குறைத்துக் காட்டும்." ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

அது பிழையான வரியில்லை மச்சான். அதுதான் சரியான வரி.

ஒன்று கேட்கிறேன். டேப் சுற்றினேன் என்று நான் எழுதிய பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதினீர்களே. அது மறதியா?

கை வலிக்கிறது.

ஸாலிஹா


தோஹா
09.05.2024

ஸாலிஹா,

மறதியில்லை.

இதை எழுத நாலு தாள் கிழித்தேன். இந்தத் தாளில் ஒன்றும் அடிக்கமாட்டேன், எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும்.

டேப் பற்றி அந்த வரியை எழுதினேன். எழுதி முடித்ததும் இன்ஷாப் அதைச் சரியாகப் பூட்டுவதும், நீ பக்கத்தில் நின்று "கெட்டிக்காரன்தான் மச்சான் நீங்க" என்று சொல்வதும் கண் முன்னால் வந்தது. அவர் பூட்டிய மீட்டர் பிழை காட்டட்டும், ஊர் சிரிக்கட்டும், றம்ஸீன் வந்தால்தான் சரிவரும் என்று நீ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடித்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. ஆறி வரும் தண்ணீர் எஞ்சினை விடச் சூடாக இருக்க முடியாது. எண்களைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. மாமியின் போனுக்கு எடுத்து "டேப்பக் கழட்டச் சொல்லுங்க" என்றால் முடிந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை. அந்த நிமிஷம் எடுக்கவில்லை. வெந்தது இன்ஷாப்பின் கையாக இருந்தாலும் இது ஹராம்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோவீனாவுக்கு நான் பழக்கியதாக எழுதியதும் பொய். இங்கே வந்த முதல் மாதம் பென்ஸின் சென்சர்களை நான்தான் பூட்டினேன். நம் ஊர்ப் பழக்கத்தில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். ஒழுகுமென்றால் டேப், ஒழுகாவிட்டாலும் ஒரு காவலுக்கு டேப், அப்படித்தானே நாம். மீட்டர் எழும்பவில்லை. ரோவீனா வந்து பார்த்து, எல்லாருக்கும் முன்னால் சிரித்து, கழற்றிச் சுத்தம் பண்ணி, டேப் இல்லாமல் செம்பு வளையம் வைத்துப் பூட்டிக் காட்டினாள். பற்றாசும் அவள்தான் எனக்குத் திருத்தித் தந்தாள். ஊரில் பதினைந்து வருஷம் மெக்கானிக் பாஸ் என்று கூப்பிடப்பட்டவன், ஒரு பெண்ணிடம் படித்தேன் என்று உன்னிடம் எழுத முடியவில்லை. அதனால் திருப்பி எழுதினேன்.

நீ மரை வெட்டியதை, கால் சுற்று முன்னுக்கு, அரைக்கால் சுற்றுப் பின்னுக்கு என்று எழுதியதை, இப்போது திரும்ப வாசித்தேன். அந்த வரிகளைக் கண்டு யார் மேல் பொறாமைப்பட்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அது நீ என்று தெரிந்த பிறகும் கொஞ்சம் பொறாமை இருக்கிறது. நான் இல்லாமல் செய்துவிட்டாய்.

லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா வேண்டாமா, நீ சொல். போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. கை எப்படி என்று மட்டும் எழுது.

றம்ஸீன்


ஓட்டமாவடி
06.06.2024

மச்சான்,

வலது கையால் எழுதுகிறேன். பேனை பிடிக்க வருகிறது. தோல் இரண்டு நிறமாக இருக்கிறது, மாறும் என்கிறார்கள், மாறாவிட்டாலும் போகட்டும்.

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். கோபத்தில் பாதி, பிறகு ரோவீனா சிரித்ததை நினைத்துச் சிரித்ததில் பாதி. உம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மன்னித்தேன் என்று எழுதச் சொல்கிறார் உம்மா. இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்த பிறகு எழுதுகிறேன்.

காரைச் சொல்கிறேன். டேப்பை எல்லாம் கழற்றி, மரையைத் துடைத்து, செம்பு வளையம் வைத்துப் பூட்டினேன். கை நோகும் என்பதால் ஐந்து நாள் எடுத்தது. இன்ஷாப் மச்சான் டோர்ச் பிடித்தார். "நேராப் புடிங்க மச்சான், கை ஆடுது" என்று நான் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு ஏறாவூரில் பெண் பேசி முடித்தாயிற்று. இது உங்கள் நித்திரைக்காக.

ஸ்டார்ட் பண்ணி, நடைவேகத்தில் பாலம்வரை நானே ஓட்டிப் போனேன். முன்பக்கம் எண்பத்தாறு. பின்பக்கம் நூற்றெட்டு! பார்த்த உடனே நிறுத்தினேன். எங்கே கொதிக்கிறது என்று கடைசியில் எஞ்சினே சொல்லிவிட்டது. ஆறவிட்டு, அடுத்த நாள் பின்பக்கத்துத் தகட்டையும் பக்கவாட்டு ஓட்டையையும் திறந்து கம்பி விட்டுக் கிண்டினேன். துருச்சேறு. இரண்டு பால்மாத் தகரப் பேணி நிறைய வந்தது. காய்ந்த கட்டி ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கல்யாணமான வருஷத்தில் நீங்கள் ஊற்றிய வாவி. ஒரு பேணியை உங்களுக்காக மூடி வைத்திருக்கிறேன்.

இப்போது முன்பக்கம் எண்பத்தேழு, பின்பக்கம் தொண்ணூற்றொன்று, கீழ் ஹோஸ் எழுபது. போன வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் பைத் முடியும்வரை கார் ஊர்ந்தது, மாப்பிள்ளை காலில் மண் படாமல் இறங்கினார்.

பொறாமை இன்னும் இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த வரியைத்தான் அதிக தரம் வாசித்தேன். எனக்கும் இருக்கிறது. அவள் உங்களுக்குச் சொல்லித் தந்தாள், பக்கத்தில் நின்று தந்தாள். நான் கையை வேகவைத்துக் கற்றேன்.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது, ஒட்டியது. அது ரோவீனாவுக்கு. முப்லிஹாவின் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினேன். குறிப்பிட்ட சூட்டில் காற்றாடி தானாகச் சுற்றுவதற்கு ஐந்தாவதாக ஒரு சென்சர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். வேறு சிலவும் கேட்டிருக்கிறேன், அது எங்கள் விஷயம். பிரிக்காமல் கொடுங்கள். ஒட்டிய இடத்தின் குறுக்கே தமிழில் என் பெயரை எழுதியிருக்கிறேன், பிரித்தால் எழுத்து உடையும். அந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று உள்ளே அவளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன்.

உறை எப்படி வந்து சேர்ந்தது என்று அவள் எனக்கு எழுதட்டும். எழுத்து உடையாமல் வந்தது என்று அவள் எழுதிய அன்று உங்கள் நம்பரைத் திறக்கிறேன். லீவு கேட்டதைப் பற்றி அப்போது கேளுங்கள்.

ஸாலிஹா